தென்னந்தடியில் காது வைப்பதுபோல: ‘புளூ வெல்வெட்’ படத்தை மறுபடி பார்ப்பதற்கு ஒரு வழிகாட்டி

இரணியலை அடுத்த எங்கள் விளையில் நின்ற ஒரு தென்னையை வெட்டிவிட வேண்டும் என்று என் பாட்டா சொன்னபோது, அந்த மரத்தில் ஒரு குறையும் எனக்குத் தெரியவில்லை. ஓலைகள் பச்சையாக இருந்தன. குலைகளும் நிறையத் தொங்கின. அவர் தடியோடு காதை ஒட்டி வைத்துச் சற்று நேரம் நின்றார். பிறகு என்னையும் அப்படி நிற்கச் சொன்னார். உள்ளிருந்து எதையோ மெல்லுவது போன்ற ஓசை வந்தது. சிவப்புக் கூன்வண்டின் புழுக்கள் மரத்தின் சோற்றைத் தின்றுகொண்டிருந்தன. நடுக்குருத்து வாடி நோய் கண்ணுக்குத் தெரியவரும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும் என்பதனால், தென்னை வைத்திருப்பவர்கள் இந்த ஒரு காரியத்தில் கண்ணைவிடக் காதையே நம்புகிறார்கள்.

டேவிட் லிஞ்ச் இயக்கி 1986இல் வெளிவந்த ‘புளூ வெல்வெட்’ என்னும் அமெரிக்கப் படத்தை இரண்டாம் முறை பார்த்தபோது அந்தத் தென்னைதான் என் நினைவுக்கு வந்தது. முதல் முறை பார்த்தபோது எனக்கு அது ஒரு விசித்திரமான குற்றக் கதையாக மட்டுமே பட்டது. நம் குமரி மாவட்டத்தில் உலகப் படங்களைப் பார்க்கத் தொடங்கியிருக்கும் இளைஞர்கள் பலர் இந்தப் படத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, புரியவில்லை என்றோ அருவருப்பாக இருக்கிறது என்றோ ஒதுக்கிவிடுவதைக் கண்டிருக்கிறேன். ஒருமுறை பார்த்தால் போதாத படம் இது என்பதையும், மறுமுறை எப்படி அணுகினால் அது திறந்துகொள்ளும் என்பதையும் படிப்படியாகச் சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

தொடங்குமுன்

இரண்டு சொற்களைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. 1940களில் அமெரிக்காவில் வந்த, நிழலும் இரவும் குற்றமும் நிறைந்த ஒருவகைப் படங்களைப் பிரெஞ்சு விமர்சகர்கள் 1946இல் ‘ஃபிலிம் நுவார்’, அதாவது கறுப்புப் படம், என்று அழைத்தார்கள். இந்தப் பாணி நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று, எஸ். பாலசந்தர் இயக்கத்தில் சிவாஜி கணேசன் நடித்து 1954இல் பாடல்களே இல்லாமல் வந்த ‘அந்த நாள்’ படத்தைப் பார்த்தவர்களுக்கு, ஜன்னல் கம்பியின் நிழல் ஒரு முகத்தில் விழும்போது ஏன் மனம் பதறுகிறது என்பது தெரிந்திருக்கும். அடுத்த சொல் சர்ரியலிசம். 1924இல் பாரிஸில் அறிக்கை வெளியிட்டுத் தொடங்கிய அந்தக் கலை இயக்கம், கனவில் பொருள்கள் எப்படி ஒன்றோடொன்று சேர்கின்றனவோ அப்படியே கலையிலும் சேரட்டும் என்று விரும்பியது. ‘புளூ வெல்வெட்’டில் கதை நுவார் படத்தின் கதை, அந்தக் கதையில் ஒரு காட்சியிலிருந்து அடுத்த காட்சிக்கு நகரும் விதம் கனவின் விதம்.

லிஞ்ச் அடிப்படையில் ஓவியம் பயின்றவர். வேளாண்மைத் துறையில் ஆய்வாளராக இருந்த தந்தையின் வேலை காரணமாகச் சிறு வயதில் ஊர் ஊராக மாறி வாழ்ந்தவர். 1984இல் அவர் எடுத்த பெருஞ்செலவுப் படமான ‘டியூன்’ தோல்வியடைந்தது. அதன் இறுதி வடிவம் தம் கையில் இல்லை என்ற வருத்தம் அவருக்குக் கடைசிவரை இருந்தது. அதனால் அடுத்த படத்துக்குத் தம் ஊதியத்தைக் குறைத்துக்கொண்டு, ஏறத்தாழ 60 இலட்சம் டாலர் செலவுக்குள் முடிப்பதாக ஒப்புக்கொண்டு, படத்தொகுப்பில் கடைசிச் சொல் தம்முடையதாக இருக்க வேண்டும் என்ற உரிமையைப் பெற்றார். பார்வையாளருக்கும் இது தேவையான செய்திதான். இந்தப் படத்தில் ஒரு பொருள் கண்ணில் பட்டால், ஓர் ஓசை காதில் விழுந்தால், அது தற்செயலாக அங்கே வந்ததாக இருக்காது என்று நம்பிப் பார்க்கலாம். திரும்பத் திரும்பப் பார்க்கும் உழைப்பு வீணாகாது என்பதற்கு அந்த ஒப்பந்தமே உறுதி.

யாருடன், எங்கே, எந்தப் பிரதியில்

இது வயது வந்தவர்களுக்கான படம். ஒரு பெண் மீது நிகழ்த்தப்படும் பாலியல் வன்முறையும் அவமதிப்பும் இதில் நேரடியாகக் காட்டப்படுகின்றன. எனவே வீட்டுக் கூடத்தில், பெற்றோரும் பிள்ளைகளும் வந்து போகும் நேரத்தில் இதைப் போடக் கூடாது. நண்பர்களோடு பார்ப்பதானால் இத்தகைய காட்சிகள் உண்டு என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். நமக்குத் தெரியாமலே நம் அருகில் இருப்பவர் அப்படிப்பட்ட கொடுமையைத் தம் வாழ்க்கையில் அனுபவித்தவராக இருக்கலாம். எழுந்து போக விரும்புகிறவரிடம் காரணம் கேட்காமல் இருப்பதும் பார்க்கும் முறையில் அடங்கியதே.

பிரதியைச் சரிபார்ப்பது எளிது. படத்தின் நீளம் 120 நிமிடம். விநாடிக்கு 25 சட்டகங்கள் ஓடும் முறையில் பதிவான பழைய டிவிடிகளில் அது 115 நிமிடமாகக் காட்டும். எதையும் வெட்டியதால் அப்படி ஆவதில்லை. ஆனால் அதைவிடக் குறைவாக இருந்தால் அந்தப் பிரதியை விட்டுவிடுங்கள். அகலத் திரைக்காக எடுத்த படம் என்பதனால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை தெரியும்; திரை நிறைய வேண்டும் என்று தொலைக்காட்சியில் படத்தைப் பெரிதாக்கினால் இரு பக்கமும் வெட்டுப்பட்டுப் போகும். உரையாடல் மெதுவாகவே நடக்கிறது; ஆங்கில வசன எழுத்துகளை வைத்துக்கொண்டால் தொடர்வது கடினமில்லை.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது ஓசை. நான் முதலில் பார்த்தது ஒரு சூன் மாதத்தில், தகரக் கூரையின் கீழே, தென்மேற்குப் பருவமழை இரைந்துகொண்டிருந்த இரவில். பாதிப் படம் மழையில் போய்விட்டது என்பதை மறுமுறை நல்ல ஹெட்ஃபோனைக் காதில் மாட்டிப் பார்த்தபோதுதான் உணர்ந்தேன். நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு; கோயில் கொடையும் ஆலயத் திருவிழாவும் நடக்கும் நாட்களில் குழாய் ஒலிபெருக்கி நள்ளிரவுவரை ஓயாது. ஆகவே இரண்டும் இல்லாத ஓர் இரவைத் தேர்ந்துகொண்டு, மின்விசிறியையும் கூடியமட்டும் குறைத்து வைத்துவிட்டு உட்காருங்கள்.

முதல் பார்வை

இன்னும் பார்க்காதவர்கள் இந்த இடத்தில் வாசிப்பை நிறுத்திவிட்டுப் படத்தைப் பார்த்துவிட்டு வருவது நல்லது. இதன் பிறகு கதை முழுவதையும் சொல்லப் போகிறேன். முதல் முறை பார்க்கும்போது பொருள் தேட வேண்டாம், குறியீடு தேட வேண்டாம். யார் யாரை என்ன செய்தார்கள் என்பதை மட்டும் பின்தொடருங்கள்.

கதை சிக்கலானதன்று. லம்பர்ட்டன் என்ற மரத்தொழில் ஊரில் ஒரு மனிதர் தம் வீட்டுப் புல்தரைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கும்போது திடீரென நோயுற்று விழுகிறார். கல்லூரியில் படிக்கும் அவர் மகன் ஜெஃப்ரி ஊர் திரும்புகிறான். மருத்துவமனையிலிருந்து நடந்து வரும் வழியில், வெற்று நிலத்தில், அறுபட்ட ஒரு மனிதக் காதைக் காண்கிறான். அதைக் காகிதப் பையில் போட்டு அண்டை வீதியில் வசிக்கும் துப்பறியும் காவலரிடம் ஒப்படைக்கிறான். அவருடைய மகள் சாண்டி, தான் ஒட்டுக்கேட்டதை வைத்து டோரதி என்ற பாடகியின் பெயரைச் சொல்கிறாள். ஜெஃப்ரி, பூச்சி மருந்து அடிப்பவனாக வேடமிட்டு டோரதியின் அடுக்ககத்துக்குள் போய்ச் சாவியை எடுத்து வருகிறான். இரவில் மறுபடி நுழைந்து துணி அலமாரிக்குள் ஒளிந்துகொள்கிறான். டோரதியின் கணவனையும் சிறு மகனையும் கடத்தி வைத்துக்கொண்டு, அந்தப் பிடியால் அவளை வதைக்கும் ஃபிராங்க் என்பவனை அங்கிருந்து பார்க்கிறான். மற்றவை அதன் விளைவுகள். ஜெஃப்ரியாக கைல் மக்லாக்லனும் டோரதியாக இசபெல்லா ரோசல்லினியும் ஃபிராங்காக டென்னிஸ் ஹாப்பரும் சாண்டியாக லாரா டெர்னும் நடித்திருக்கிறார்கள்.

பார்த்து முடித்ததும் உடனே விளக்கக் காணொளிகளைத் தேடிப் போகாதீர்கள். ஒரு நாள் விடுங்கள். மறுநாள் ஒரு தாளில், மனத்தில் தங்கிய ஐந்து படிமங்களையும் ஐந்து ஓசைகளையும் எழுதுங்கள். பெரும்பாலோருக்குப் படிமங்கள் எளிதாக வரும். ஓசைகளில் பாட்டுக்கு அப்பால் ஒன்றுகூட வராது. எனக்கும் அப்படித்தான் இருந்தது. மறுபார்வை எங்கே தொடங்க வேண்டும் என்பதை அந்தத் தாளே காட்டிக் கொடுக்கும்.

மறுபார்வை: தொடக்கக் காட்சியை மூன்று முறை

ஒரு வாரம் கழித்து மறுபடி உட்காருங்கள். முழுப் படத்தையும் ஓடவிடுவதற்கு முன்னால், நீல வெல்வெட் துணி அசையும் எழுத்துகள் முடிந்ததிலிருந்து, வண்டுகள் தெரியும் இடம்வரை மூன்று முறை பாருங்கள்.

முதல் முறை, சும்மா பாருங்கள். நீல வானம், வெள்ளை மரவேலி, சிவப்பு ரோஜா. தீயணைப்பு வண்டியின் பக்கவாட்டில் நின்றபடி கையசைக்கும் ஒருவர். பக்கத்தில் ஒரு நாய். மஞ்சள் துலிப் பூக்கள். சாலையைக் கடக்கும் பள்ளிப் பிள்ளைகள். புல்லுக்குத் தண்ணீர் விடும் தந்தை. வீட்டுக்குள் தொலைக்காட்சி பார்க்கும் தாய். பின்னணியில் 1963இல் பாபி விண்டன் பாடி வெளிவந்த ‘புளூ வெல்வெட்’ பாட்டு.

இரண்டாம் முறை, எந்த இடத்தில் முதன்முதலாக ஏதோ சரியில்லை என்று தோன்றுகிறது என்பதைப் பிடியுங்கள். தந்தை விழும் இடம்தான் அது என்று பலரும் சொல்வார்கள். ஆனால் அதற்கு முன்பே, தாய் பார்க்கும் தொலைக்காட்சியில் ஒரு கை துப்பாக்கியை நீட்டுகிறது. அதற்கு அடுத்து ரப்பர் குழாய் செடியில் சிக்கி மடிகிறது. குழாயடியில் தண்ணீர் பீறிட்டுச் சீறுகிறது. அடைபட்ட குழாயைக் காட்டிய பிறகே அவர் கழுத்தைப் பிடித்துக்கொண்டு சரிகிறார். உடம்புக்குள் நடப்பதை வெளியே இருக்கும் ஒரு குழாயில் காட்டிவிடுகிறார் லிஞ்ச். மரவள்ளிக்கும் வாழைக்கும் குழாய் இழுத்துத் தண்ணீர் விட்டுப் பழகிய நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. விழுந்தவரின் கையிலிருக்கும் குழாய்த் தண்ணீரை நாய் கடித்து விளையாடுகிறது. ஒரு குழந்தை தத்தித் தத்தி வருகிறது. துயரத்தின் நடுவே விளையாட்டு நிற்கவில்லை. இந்த ஒரு சட்டகத்தில் படத்தின் முழு மனநிலையும் இருப்பதாக நான் நினைக்கிறேன்.

மூன்றாம் முறை, கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். பாட்டு தேய்ந்து தேய்ந்து போக, தண்ணீரின் சீறல் தடித்துக்கொண்டே வந்து, அது மெல்லும் ஓசையாக, நெரியும் ஓசையாக, ஓர் இருண்ட முழக்கமாக மாறுகிறது. கண்ணைத் திறந்தால் புல்லுக்கு அடியில் கறுத்த வண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டிருக்கின்றன. ஒலியை வடிவமைத்தவர் ஆலன் ஸ்ப்ளெட்; லிஞ்சின் முதல் முழுநீளப் படமான ‘இரேசர்ஹெட்’ (1977) தொட்டே அவரோடு வேலை செய்தவர். என் பாட்டா என் தலையைத் தென்னந்தடியோடு அழுத்திப் பிடித்தபோது நான் கேட்டது ஏறக்குறைய இதையேதான்.

கதையைக் காதால் தொடர்வது

இனி முழுப் படத்தையும் ஓடவிடலாம். இம்முறை ஒரே ஒரு நூலைப் பிடித்துக்கொள்ளுங்கள்: யார் எதைக் கேட்கிறார்கள், யாருக்கு எது கேட்காமல் போகிறது.

நிலத்தில் கிடப்பது கண்ணோ கையோ விரலோ அன்று, காது. காது ஒரு திறப்பு என்பதனால், அதன் வழியாக வேறோர் இடத்துக்குள் இறங்க முடியும் என்பதனால் அதைத் தேர்ந்ததாக லிஞ்ச் சொல்லியிருக்கிறார். ஜெஃப்ரி இரவில் துப்பறிவாளரின் வீட்டுக்கு நடக்கும்போது கேமரா அந்த அறுந்த காதின் துளைக்குள்ளேயே நுழைகிறது. படத்தின் முடிவில், தோட்டத்து நாற்காலியில் சாய்ந்திருக்கும் ஜெஃப்ரியின் காதிலிருந்து வெளியே வருகிறது. இடையில் நாம் இருந்தது எங்கே என்ற கேள்வியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பதிலுக்கு அவசரப்பட வேண்டாம்.

சாண்டி இருளிலிருந்து நடந்து வந்து முதன்முதலாகத் திரையில் தோன்றுகிறாள். அவளுடைய அறை தந்தையின் அலுவல் அறைக்கு மேலே இருக்கிறது. அதனால் அவளுக்குக் காதில் விழுகிறது. கதை நகர்வதே அந்த ஒட்டுக்கேட்டலால்தான். அடுத்து, ஜெஃப்ரி டோரதியின் அறைக்குள் இருக்கும்போது வெளியே காரில் காவலிருக்கும் சாண்டி, டோரதி வருவதைக் கண்டு எச்சரிக்கையாக ஹார்ன் அடிக்கிறாள். அதே கணத்தில் அவன் கழிப்பறையில் தண்ணீரைத் திறந்துவிட்டதால் ஹார்ன் அவனுக்குக் கேட்கவில்லை. அறுந்த காதைக் கண்டெடுத்தவனுக்குத் தன் காது உதவ வேண்டிய நேரத்தில் உதவவில்லை. முதல் பார்வையில் இதைக் கதைக்கு வேண்டிய ஒரு தற்செயலாகவே எடுத்துக்கொண்டேன். இப்போது படத்தின் நடுவாணியாக இதைத்தான் கருதுகிறேன்.

பென் என்பவனின் வீட்டுக் காட்சியை எவரும் மறப்பதில்லை. ராய் ஆர்பிசன் 1963இல் பாடிய ‘இன் டிரீம்ஸ்’ பாட்டுக்கு, கையில் ஒரு வேலை விளக்கை ஒலிவாங்கிபோலப் பிடித்துக்கொண்டு பென் வாயசைக்கிறான். டீன் ஸ்டாக்வெல்லின் முகத்தில் கீழிருந்து வெளிச்சம் விழுகிறது. தமிழ்ப் படங்களில் பிறர் குரலுக்கு வாயசைப்பதைப் பிறந்ததிலிருந்தே பார்த்து வருகிற நமக்கு, வாயசைப்பு இவ்வளவு அச்சம் தர முடியும் என்பது வியப்பாக இருக்கும். குரல் ஒருவருடையது, உடல் வேறொருவருடையது. அந்தப் பாட்டைக் கேட்கும் ஃபிராங்கின் முகத்திலோ உண்மையான வலி இருக்கிறது. அவன் அரக்கனாக இருந்துகொண்டே பாட்டுக்கு உருகுகிறான். எளிதில் வெறுத்துவிட்டு நகர முடியாதபடி ஆக்குவது அந்த உருக்கம்தான்.

கடைசியில் ஃபிராங்க் வீழ்வதும் கேட்டலினாலேயே. ஜெஃப்ரி காவல்துறை வானொலியில் உதவி கேட்டுப் பேசுகிறான். தன்னிடமுள்ள வானொலியில் ஃபிராங்கும் அதைக் கேட்பான் என்பது அவனுக்கு உறைக்கிறது. பின்னறையில் ஒளிந்திருப்பதாகப் பொய் சொல்லிவிட்டு, முன்பு ஒளிந்த அதே அலமாரிக்குள் மறுபடி போய் நிற்கிறான். ஃபிராங்க் கேட்டதை நம்பி ஏமாறுகிறான். ஒலியின் நூலைப் பிடித்து வருகிறவர்களுக்கு இந்த உச்சக்காட்சி ஒரு துப்பறியும் கதையின் முடிவைவிடப் பெரிய நிறைவைத் தரும்.

இசையைப் பற்றி ஒரு சொல். இசபெல்லா ரோசல்லினிக்குப் பாடப் பயிற்சி தர அழைக்கப்பட்டவர் ஆஞ்சலோ பாதலமென்ட்டி. வந்தவர் படத்துக்கே இசையமைப்பாளராகி, அதன்பின் பல ஆண்டுகள் லிஞ்சோடு சேர்ந்து இயங்கினார். ஜூலி குரூஸ் பாடும் ‘மிஸ்ட்ரீஸ் ஆஃப் லவ்’ பாட்டின் வரிகளை எழுதியவர் லிஞ்ச்.

பூச்சி

அடுத்த நூல் சிறியது, ஆனால் அறுபடாதது. புல்லுக்கடியில் வண்டு; காதின்மேல் எறும்பு; ஜெஃப்ரியின் வேடம் பூச்சி மருந்து அடிப்பவன்; ஃபிராங்க் முகத்தில் வைத்து மூச்சிழுக்கும் முகமூடி அவனையே ஒரு பூச்சிபோல ஆக்குகிறது; இறுதியில் ராபின் பறவையின் அலகில் துடிக்கும் பூச்சி. பூச்சியை ஒழிக்க வந்தவனாக வேடமிட்டவன் சில நாட்களில் அந்த உலகத்தின் ஒரு பகுதியாகவே ஆகிவிடுகிறான் என்பதை இந்த வரிசை சொல்லாமல் சொல்கிறது.

அலமாரிக்குள் நிற்பவன்

படத்தின் கடினமான பகுதி இதுதான். இதைத் தாண்டிக் குதிக்கும் வழிகாட்டி நேர்மையான வழிகாட்டியாக இருக்க முடியாது. அலமாரியின் பலகை இடுக்கு வழியாக ஜெஃப்ரி பார்க்கிறான். அவன் தோளுக்குப் பின்னால் நாம் பார்க்கிறோம். உதவ வந்தவன் ஏன் வெளியே வரவில்லை என்ற கோபம் நமக்கு வரும்போதே, நாமும் திரையை அணைக்கவில்லை என்பது தெரிந்துவிடுகிறது. பின்னால் டோரதி தன்னை அடிக்கும்படி கேட்கும்போது, மறுத்துக்கொண்டே வந்த ஜெஃப்ரி ஒரு கணத்தில் அடித்துவிடுகிறான். அதற்காகத் தன் அறையில் தனியாக அழுகிறான். நல்லவனுக்குள் ஃபிராங்கின் துளி இருக்கிறது என்ற இந்தக் கண்டுபிடிப்பே கதையின் உண்மையான துப்பு.

இதற்கு எதிரான குரலையும் புதியவர்கள் அறிய வேண்டும். அமெரிக்காவின் புகழ்பெற்ற விமர்சகர் ரோஜர் ஈபர்ட் இந்தப் படத்துக்கு ஒரே ஒரு நட்சத்திரம் தந்தார். ஒரு நடிகையை இத்தனை அவமானமான காட்சிகளில் நிறுத்திவிட்டு, படம் தன்னைச் சிற்றூர் நையாண்டியாகக் காட்டித் தப்பித்துக்கொள்கிறது என்பது அவருடைய குற்றச்சாட்டு. ரோசல்லினியோ, வயது வந்த பெண்ணாகத் தாமே தேர்ந்து ஏற்ற பாத்திரம் அது என்றும், வதைக்கு ஆளான ஒரு பெண்ணாகவே டோரதியைப் புரிந்து நடித்ததாகவும் சொல்லியிருக்கிறார். சிறுவயதில் ஒரு மாலை இருட்டில் ஆடையற்ற ஒரு பெண் தெருவில் நடந்து வருவதைக் கண்டு அழுததாக லிஞ்ச் கூறிய நினைவு, டோரதி காயங்களோடு ஜெஃப்ரியின் வீட்டு வாசலில் வந்து நிற்கும் காட்சிக்குப் பின்னால் இருக்கிறது. அந்தக் காட்சியை மறுபார்வையில் பார்க்கும்போது சாண்டியின் முகத்தையும் அவள் தாயின் முகத்தையும் கவனியுங்கள். வீட்டுக் கூடத்தின் வெளிச்சத்துக்கு நடுவில் வந்து நிற்கும் ஓர் உடலுக்கு என்ன செய்வது என்று அறியாத நல்லவர்களின் முகங்கள் அவை.

ஈபர்ட்டின் குற்றச்சாட்டைப் பல நாள் எண்ணிப் பார்த்தேன். வெள்ளை வேலியும் ரோஜாவும் வெறும் கேலிக்காகக் காட்டப்படுகின்றன என்றால் அவர் சொல்வதே சரி. ஆனால் மறுபார்வையில் எனக்குப் பட்டது வேறு. தேவாலயத்தின் எதிரே நிறுத்திய காரில், உள்ளிருந்து வரும் ஆர்கன் இசைக்கு இடையே, ராபின் பறவைகள் வந்து உலகத்துக்கு அன்பின் ஒளியைக் கொண்டுவரும் என்று தான் கண்ட கனவைச் சாண்டி சொல்கிறாள். முதல் முறை பார்த்தபோது நானும் நண்பரும் அந்த இடத்தில் சிரித்தோம். இப்போது சிரிப்பு வரவில்லை. லிஞ்ச் அந்தப் பெண்ணை நம்புகிறார். அந்த வேலியையும் நம்புகிறார். மேலே இருப்பது பொய், கீழே இருப்பதே மெய் என்று படம் எங்கும் சொல்லவில்லை. புழு தின்றுகொண்டிருந்த எங்கள் தென்னையின் ஓலைகள் உண்மையாகவே பச்சையாக இருந்தன. அதிலிருந்து பறித்த தேங்காயை நாங்கள் உண்டோம். இரண்டும் ஒரே மரம். இப்படிப் பார்த்தாலும் டோரதியின் காட்சிகள் தரும் வேதனை குறைவதில்லை; குறையக் கூடாது என்பதும் என் எண்ணம்.

நிறமும் காலமும்

இதை வேகமாகச் சொல்லிவிடலாம். ஒளிப்பதிவாளர் ஃபிரெடரிக் எல்ம்ஸ், பகல் நேரத்து ஊரைப் பழைய வாழ்த்து அட்டைபோலத் துலங்க வைக்கிறார்; டோரதியின் அடுக்ககத்தையோ மங்கிய செந்நிறத்தில், ஓர் உடலின் உட்புறம்போலக் காட்டுகிறார். கார்களும் பாட்டுகளும் உடைகளும் சில நேரம் 1950களைச் சேர்ந்தவை, சில நேரம் 1980களைச் சேர்ந்தவை. எந்த ஆண்டு என்று கண்டுபிடிக்க முயலாதீர்கள். கனவுக்கு நாள்காட்டி இல்லை.

ராபின்

முடிவில் ஜன்னல் விளிம்பில் ஒரு ராபின் வந்து அமர்கிறது. அது உயிருள்ள பறவையாகத் தெரியவில்லை. பொம்மைபோல விறைப்பாக அசைகிறது. இதை வைத்து, மகிழ்ச்சியான முடிவே போலி என்று வாதிடுகிறவர்கள் உண்டு. பறவையின் அலகில் வண்டு இருக்கிறது. ஜெஃப்ரியின் அத்தை, தன்னால் ஒருநாளும் பூச்சியைத் தின்ன முடியாது என்று முகம் சுளித்துவிட்டு, தன் வாயில் உணவை வைக்கிறாள். சாண்டி, ஜெஃப்ரியைப் பார்த்து, உலகம் விசித்திரமானது என்கிறாள். அன்பின் பறவை வந்துவிட்டது. வந்த பறவை இருளைத் தின்றுதான் வாழ்கிறது. பறவை போலியாக இருப்பதனால் அந்த ஆறுதல் போலியாகிவிடுவதில்லை என்பது என் தீர்ப்பு. நாடகத்தில் காகிதத்தால் செய்த நிலாவைப் பார்த்தும் நாம் மனமுருகுகிறோம் அல்லவா?

பேசுவதற்கும் மேலே போவதற்கும்

மறுபார்வைக்குப் பிறகு இரண்டு மூன்று பேரோடு உட்கார்ந்து பேசுங்கள். பெரிய கூட்டம் வேண்டாம். அறிவாளித்தனமான விளக்கத்தில் தொடங்காமல், ஒவ்வொருவரும் தமக்குக் கேட்ட ஓர் ஓசையைச் சொல்லித் தொடங்கட்டும். எந்த இடத்தில் எழுந்து போக விரும்பினார்கள் என்பதையும் சொல்லட்டும். அந்தக் குழுவில் பெண்கள் இருக்க வேண்டும். அலமாரிக் காட்சியைப் பற்றி ஆண்கள் மட்டும் கூடிப் பேசினால் பேச்சு எளிதில் ஒளியமைப்பையும் கேமராக் கோணத்தையும் நோக்கி ஓடிவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

இருளில் அந்நியர்களோடு அமர்ந்து இத்தகைய படங்களைப் பார்க்கும் பழக்கம் வேண்டுமென்றால் நமக்கு நல்வாய்ப்பு அருகிலேயே இருக்கிறது. ஆண்டுதோறும் பெரும்பாலும் டிசம்பரில் திருவனந்தபுரத்தில் நடக்கும் கேரள சர்வதேசத் திரைப்பட விழாவுக்கு நாகர்கோவிலிலிருந்தும் குழித்துறையிலிருந்தும் காலை வண்டியில் போய் இரவு திரும்பிவிடலாம். லிஞ்ச் 2025 சனவரியில் மறைந்தார். அவருடைய மற்றப் படங்களுக்குப் போக விரும்புகிறவர்கள் 1980இல் வந்த ‘தி எலிஃபன்ட் மேன்’ படத்திலிருந்து தொடங்கலாம். 2001இல் வந்த ‘மல்ஹாலண்ட் டிரைவ்’ படத்தைச் சற்றுத் தள்ளி வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாம் முறை பார்ப்பதை ஓராண்டுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். அப்போது கடைசி ஒரு நிமிடத்துக்காகப் பாருங்கள். தொடக்கத்தில் கண்ட ரோஜாவும் தீயணைப்பு வண்டியும் திரும்ப வருகின்றன. டோரதி பூங்காவில் அமர்ந்திருக்க, மீட்கப்பட்ட மகன் ஓடி வந்து அவள் மடியில் விழுகிறான். அவனை அணைத்தபடி புன்னகைக்கிறாள். பிறகு அந்தப் புன்னகைக்கு உள்ளிருந்தே ஒரு துயரம் மெல்ல மேலே வருகிறது, கண்ணீரின் ஊடே இன்னும் நீல வெல்வெட் தெரிவதாக அவள் குரல் பாடுகிறது. அந்த இடத்தில் படத்தை நிறுத்தாமல், எழுத்துகள் ஓடி முடிந்து அறையில் உங்கள் வீட்டு ஓசைகள் மட்டும் கேட்கும்வரை விளக்கைப் போடாமல் இருங்கள்.